பாறை ஏறும் கருவிகள்: பார்த்து வாங்குவதும் சோதித்துப் பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறையில் போல்ட் (உலோக ஆணி) அடித்த பாதைகளில் கயிறு கட்டி ஏறுபவர்களுக்கான பக்கம் இது. கர்நாடகத்துப் பாதாமியின் சிவப்பு மணற்கல்லோ, ராமநகரத்தின் கருங்கல்லோ, நகரத்துக்குள் இருக்கும் செயற்கைச் சுவரோ, தேவைப்படும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தரச்சான்று பெற்ற கருவி நேரான இழுவையில் அறுந்துபோவது மிக அபூர்வம். கூரான விளிம்பு, அமிலம், தப்பாகக் கோத்தது, தேய்ந்ததைப் பார்க்காமல் விட்டது ஆகியவைதான் உயிரை எடுக்கின்றன. அதனால் வலுவைப் பற்றிக் கொஞ்சமாகவும் தேய்மானத்தைப் பற்றி நிறையவும் பேசுகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறேன். எதை முதலில் வாங்குவது?

ஷூ, ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைகள்), ஹெல்மெட், ஒரு பிலே கருவி (ஏறுபவரின் கயிற்றைக் கீழே நிற்பவர் பிடித்துக்கொள்ள உதவுவது), அதற்குப் பூட்டுள்ள காரபைனர் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி) ஒன்று. வாடகை ஷூ பலர் காலில் ஏறி இளகியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கால் நுனியில் நிற்கக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் ஷூவை முதலில் வைக்கிறோம். கயிறும் குயிக்டிராவும் (இரு முனையிலும் காரபைனர் உள்ள குறுகிய பட்டை, கயிற்றைப் போல்ட்டோடு இணைப்பது) பிறகு போதும். இரண்டு பேருக்கு ஒரு கயிறு இருந்தால் வேலை நடக்கும், பழக்கமுள்ள ஒருவரிடம் அது ஏற்கெனவே இருக்கும். அவர் கயிற்றில் ஏறுவதற்கு முன், எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கருவியில் அச்சிட்டிருக்கும் சிஇ, இஎன், யுஐஏஏ எதைக் குறிக்கின்றன?

இஎன் என்பது ஐரோப்பியத் தரநிலை. விழுகையைத் தாங்கும் கயிற்றுக்கு இஎன் 892, காரபைனருக்கு 12275, ஹார்னஸுக்கு 12277, ஹெல்மெட்டுக்கு 12492, தைத்த ஸ்லிங்குக்கு (வளையமாகத் தைத்த பட்டை) 566. யுஐஏஏ என்பது உலக மலையேற்றக் கூட்டமைப்பின் முத்திரை. சில இடங்களில் ஐரோப்பியத் தரத்தைவிடக் கொஞ்சம் கறாரானது. கயிறு, ஹார்னஸ், காரபைனர் போன்றவற்றில் சிஇ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்க வேண்டும். 0082 என்றால் பிரான்சின் அபாவே, 0123 என்றால் ஜெர்மனியின் டியூவி சூட். அந்த எண் உற்பத்தியைக் கண்காணிக்கும் நிறுவனத்தைச் சொல்கிறது. எண் இல்லாமல் வெறும் சிஇ மட்டும் இருக்கும் ஹார்னஸையும் காரபைனரையும் வாங்க வேண்டாம்.

காரபைனரின் முதுகில் இருக்கும் மூன்று எண்கள்?

கிலோநியூட்டனில் வலுவைச் சொல்லும் எண்கள் அவை. 1 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். முதல் எண், வாய் மூடியிருக்கும்போது நீளவாக்கில் தாங்கும் அளவு. சாதாரண காரபைனரில் இது குறைந்தது 20 இருக்க வேண்டும். இரண்டாவது குறுக்குவாக்கில், குறைந்தது 7. மூன்றாவது, வாய் திறந்திருக்கும்போது, குறைந்தது 7. பிலேவுக்குப் பயன்படும் பேரிக்காய் வடிவ எச்எம்எஸ் காரபைனருக்கு 6 போதும் என்று தரநிலை சொல்கிறது.

இங்கே பார்க்க வேண்டியது முதல் எண் இல்லை. 20 இருந்த இடத்தில், வாய் திறந்துவிட்டாலோ குறுக்கே திரும்பிவிட்டாலோ, மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பிலே காரபைனரைப் பூட்டுவதும், அது ஹார்னஸில் குறுக்கே திரும்பாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். 22-க்கும் 25-க்கும் இடையில் எதை வாங்குவது என்று யோசித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

டைனமிக் கயிறு, ஸ்டாட்டிக் கயிறு: எனக்கு எது?

ஏறுபவருக்கு டைனமிக் மட்டும்தான். அது இழுபட்டு நீண்டு விழுகையின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். ஸ்டாட்டிக் கயிறு கிட்டத்தட்ட நீளாது. இறங்குவதற்கும், சுமை தூக்குவதற்கும், மீட்புப் பணிக்கும் ஆனது. சாகச முகாம்களில் தடிமனான வெள்ளைக் கயிறாகப் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். மேலே ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) இருந்து, கயிறு தொய்வில்லாமல் இருக்கும் டாப் ரோப்பில் சிலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். லீட் ஏறுவதற்கு, அதாவது கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் வழியில் உள்ள போல்ட்களில் இணைத்துக்கொண்டே ஏறுவதற்கு, இதை எடுத்தால், விழும்போது வரும் விசை முழுவதும் உடம்பிலும் போல்ட்டிலும் இறங்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கக்கூடும் என்பதால் கயிற்றின் நுனியில் உள்ள பட்டையைப் படியுங்கள். வட்டத்துக்குள் 1 என்று இருந்தால் தனியாகப் பயன்படுத்தும் டைனமிக் கயிறு. வட்டத்துக்குள் ½ இருந்தால் அது இரட்டையாக எடுத்துச் செல்லும் கயிற்றில் ஒன்று. அதை மட்டும் தனியாகக் கட்டிக்கொண்டு லீட் ஏறக்கூடாது. இஎன் 1891 என்று இருந்தால் ஸ்டாட்டிக்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைலான் கயிறு?

கூடாது. டாப் ரோப்புக்கும் கூடாது.

கயிற்றில் "5 விழுகை" என்று போட்டிருக்கிறதே, ஐந்து முறை விழுந்ததும் தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் ஆய்வகத்தில் வருவது. 80 கிலோ இரும்பு எடையை, 2.8 மீட்டர் கயிற்றில், ஏறக்குறைய 4.8 மீட்டர் விழவைக்கிறார்கள். கயிறு 5 மி.மீ. ஆரமுள்ள விளிம்பில் மடங்கி நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், திரும்பத் திரும்ப. விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது விழுகை விகிதம். இங்கே அது 1.7. தனிக் கயிறு குறைந்தது ஐந்து முறை இதைத் தாங்க வேண்டும், முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது.

உங்கள் விழுகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மீட்டர் உயரத்தில் கிளிப் செய்துவிட்டு (கயிற்றைக் குயிக்டிராவில் மாட்டிவிட்டு) ஒன்றரை மீட்டர் மேலே போய் விழுகிறீர்கள். 3 மீட்டர், கூடவே தொய்வு ஒரு மீட்டர், மொத்தம் 4. வெளியே இருக்கும் கயிறு பதினைந்தரை மீட்டர். விகிதம் 0.26 அளவுதான். கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் பிலேயரின் உடம்பும் கொஞ்சம் மேலே தூக்கப்படுவதால் விசை இன்னும் குறையும். இப்படி விழுவதைக் கயிறு பல முறை தாங்கும். முதல் கிளிப்புகளுக்கு அருகில் கதை வேறு: வெளியே உள்ள கயிறு குறைவாக இருப்பதால் விழுந்த தூரம் சிறியதாக இருந்தாலும் விகிதம் ஏறும். தரையும் அருகில் இருக்கிறது.

தடிமனும் நீளமும் எவ்வளவு?

முதல் கயிறு என்றால் 9.8 முதல் 10.2 மி.மீ., 60 மீட்டர். மீட்டருக்கு 63 கிராம் என்று வைத்தால் 60 மீட்டர் கயிறு 3.8 கிலோ வரும். 9.2-க்குக் கீழே போனால் எடை குறையும், ஆனால் மேலுறை சீக்கிரம் தேயும், பிலே கருவியில் வழுக்கும். புதியவர் கைக்கு அது ஒத்துவராது.

நீளத்தை எப்போதும் பாதையின் இரண்டு மடங்காகக் கணக்கிடுங்கள். ஏறியவரைக் கீழே இறக்கும்போது கயிற்றின் மறுநுனி பிலே கருவி வழியாக நழுவிப்போய் ஆள் விழும் விபத்துகள் அனுபவசாலிகளுக்கும் நேர்கின்றன. மறுநுனியில் முடிச்சுப் போட்டுவிட்டால் அது நடக்காது. இன்னொன்று: கயிறு பயன்பாட்டில் கொஞ்சம் சுருங்கும். நுனி தேய்ந்து ஒரு பக்கம் மட்டும் 3 மீட்டர் வெட்டினால், நடுக்குறி உண்மையான நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப்போகும். அந்தக் குறியை நம்பி இரட்டைக் கயிற்றில் இறங்கினால் ஒரு நுனி முன்னதாகவே முடிந்துவிடும். வெட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டுங்கள். புதுக் குறி போட, கயிற்றுக்கென்றே விற்கும் மையைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். சில சாதாரண மார்க்கர்கள் கயிற்றின் தாங்குதிறனைக் குறைப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

ஹார்னஸ் சரியாகப் பொருந்துகிறதா என்று கடையில் எப்படிப் பார்ப்பது?

இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றை ஒட்டி உட்கார வேண்டும். இறுக்கிய பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுங்கள். எலும்பைத் தாண்டி இறங்கினால் அளவு பெரிது. தலைகீழாக விழுந்தால் நீங்கள் அதிலிருந்து நழுவக்கூடும். உள்ளங்கை தட்டையாக நுழையும் இடைவெளி போதும். பக்கிளைத் தாண்டி வரும் பட்டை குறைந்தது 8 செ.மீ. மிஞ்ச வேண்டும்.

பிறகு தொங்கிப் பாருங்கள். நல்ல கடையில் உத்தரத்தில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். ஐந்து நிமிடம் தொங்கினால் தொடை மரத்துப்போகிறதா, பட்டை விலாவில் குத்துகிறதா என்று தெரிந்துவிடும். நின்ற நிலையில் போட்டுப் பார்த்தால் இது தெரியாது. இடுப்பு இன்னும் உருவாகாத சிறு குழந்தைகளுக்கு முழு உடல் ஹார்னஸ்தான் சரி.

பழைய ஹார்னஸில் எங்கே பார்க்க வேண்டும்?

இரண்டு இடங்கள். ஒன்று, கயிற்றைக் கட்டும் இரு புள்ளிகள், குறிப்பாகக் கீழே கால் வளையங்களை இணைக்கும் பகுதி. டாப் ரோப்பில் அடிக்கடி ஏறி இறங்கினால் கயிறு அங்கே அரம்போல உரசும். சில ஹார்னஸ்களில் வேறு நிறத்து உள்நூல் வைத்திருப்பார்கள். அந்த நிறம் எட்டிப் பார்த்தால் ஓய்வு கொடுக்க வேண்டும். இரண்டு, பிலே லூப், அதாவது பிலே கருவியை மாட்டும் முன்பக்க வளையம். அதைச் சுற்றி முழுவதும் திருப்பி, தையலையும் விளிம்பையும் விரலால் தடவுங்கள். விளிம்பில் பஞ்சுபோல நூல் பிரிந்திருந்தால் போதும், மாற்றிவிடுங்கள்.

புது பிலே லூப் 15 கிலோநியூட்டன் தாங்கும். அப்படியிருந்தும் 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் டாட் ஸ்கின்னர் இறந்தது பிலே லூப் அறுந்துதான். அவர் அன்றைய முன்னணி ஏறுநர்களில் ஒருவர். லூப் தேய்ந்திருந்தது முன்பே கவனிக்கப்பட்டிருந்தது. லூப்பில் ஸ்லிங்கை முடிச்சிட்டு நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். தேய்மானம் முழுவதும் ஒரே இடத்தில் குவியும்.

சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அது போதாதா?

போதாது. இஎன் 12492 சோதனையில் 5 கிலோ எடையை 2 மீட்டரிலிருந்து உச்சந்தலையில் போடுகிறார்கள். தலைக்குச் செல்லும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது, யுஐஏஏ முத்திரைக்கு 8. கூரான முனையும் துளைக்கக்கூடாது. மேலிருந்து விழும் கல்லுக்கான சோதனை இது. சைக்கிள் ஹெல்மெட்டில் பெரிய காற்றுத் துளைகள் இருக்கும், கல் உள்ளே வந்துவிடும்.

வாங்கும்போது தாடைப் பட்டையைப் போடாமல் பின்பக்கச் சக்கரத்தை மட்டும் இறுக்கிவிட்டுக் குனிந்து தலையை ஆட்டுங்கள். கழன்று விழக்கூடாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் நெற்றி தெரியக்கூடாது. பலத்த அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், முடிந்தது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கும்.

ஷூ எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

விரல்கள் முனையைத் தொட்டு லேசாக மடங்க வேண்டும். கண்ணில் நீர் வரும் அளவுக்கு இறுக்கம் புதியவருக்குத் தேவையே இல்லை. வலித்தால் காலை நம்பி எடையை வைக்க மாட்டீர்கள், கையால் இழுத்தே ஏறுவீர்கள். உள்துணி இல்லாத தோல் ஷூ கிட்டத்தட்ட ஒரு அளவு வரை இளகும், செயற்கைத் தோல் அதிகம் இளகாது. இது தெரியாமல் செயற்கைத் தோலை இறுக்கமாக வாங்கி, இளகும் இளகும் என்று காத்திருப்பவர்கள் அதிகம். கால் வீங்கியிருக்கும் மாலை வேளையில், சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பாருங்கள். ஒரு மரக்கட்டை விளிம்பில் பெருவிரலால் மட்டும் நில்லுங்கள். குதிகாலில் காற்றுப் பை இருந்தால் வேறு மாடல். முதல் ஷூ தட்டையான அடியுடன் இருக்கட்டும்.

அடி ரப்பர் தேய்ந்து, முனையைச் சுற்றியிருக்கும் மெல்லிய ரப்பர் பட்டை தெரிவதற்கு முன்பே புது அடி போட்டுவிட வேண்டும். அந்தப் பட்டை ஓட்டையானால் செலவு கூடும்.

பிலே கருவியைச் சோதிப்பது எப்படி?

ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னும் இதைச் சோதிக்க வேண்டும். கிரிகிரி போலத் தானாகப் பிடிக்கும் கருவியில், கயிற்றைக் கோத்து மூடிப் பூட்டிய பிறகு, ஏறுபவர் பக்கக் கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும். கயிறு ஓடினால் திருப்பிக் கோத்திருக்கிறீர்கள். கருவியில் எழுதியிருக்கும் தடிமனுக்குள் உங்கள் கயிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிடித்தாலும் பிரேக் கையை எடுக்கக்கூடாது. மெல்லிய, புதிய, வழுவழுப்பான கயிற்றில் மெதுவாக எடை ஏறினால் கருவி பிடிக்காமல் ஓடலாம்.

குழாய் வடிவக் கருவியில் கயிறு உரசும் விளிம்பு நாளாவட்டத்தில் மெலிந்து கத்திபோல ஆகும். நகத்தால் தடவிப் பாருங்கள், செதுக்கினால் மாற்றுங்கள்.

குயிக்டிரா எத்தனை வேண்டும்? கோப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

பன்னிரண்டு இருந்தால் பெரும்பாலான பாதைகளுக்குப் போதும். பத்து 12 செ.மீ., இரண்டு 17 செ.மீ. போல நீளமானவை. போல்ட்டில் மாட்டும் காரபைனரும் கயிறு ஓடும் காரபைனரும் எப்போதும் அதனதன் பக்கத்திலேயே இருக்கட்டும். போல்ட் தகடு காரபைனரில் சிறு முள்போன்ற கீறல்களை உண்டாக்கும். அதைத் திருப்பிக் கயிற்றுக்குப் பயன்படுத்தினால் மேலுறை கிழியும்.

அடுத்து, ரப்பர். கயிற்றுப் பக்கக் காரபைனர் திரும்பாமல் இருக்க ஒரு சிறு ரப்பர் வளையம் போடுவார்கள். காரபைனர் தைத்த ஸ்லிங்கின் கண்ணுக்குள் போய், அதன்மேல் ரப்பர் உட்கார வேண்டும். ஸ்லிங்கின் கண்ணைத் தவறவிட்டு, காரபைனர் ரப்பரில் மட்டும் மாட்டியிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க அதே குயிக்டிராதான். 22 கிலோநியூட்டன் ஸ்லிங்குக்குப் பதிலாக ஒரு ரப்பர் துண்டு ஆளைத் தாங்கும். 2013-ல் பிரான்சின் ஓர்பியேரில் இறந்த 12 வயது இத்தாலியச் சிறுவனின் குயிக்டிராக்கள் இப்படித்தான் கோக்கப்பட்டிருந்தன. கழற்றிக் கழுவி மறுபடியும் கோக்கும்போது ரப்பரை ஒதுக்கி, ஸ்லிங் காரபைனரைச் சுற்றிப் போவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீளமான, நடுவில் தைத்து ஒட்டாத திறந்த ஸ்லிங்கில் ரப்பர் போடவே வேண்டாம். ஒரு மடிப்பு காரபைனருக்குள் தவறி விழுந்தால் ரப்பர் மட்டுமே மிஞ்சும் நிலை அதில் தானாகவே வரும்.

கயிற்றை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

நல்ல வெளிச்சத்தில், ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, விரல்களுக்கு இடையில் விட்டு மெதுவாக இழுங்கள். கால் மணி நேரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். கண் மேலுறையைப் பார்க்கட்டும், விரல் உள்ளே இருப்பதை உணரட்டும். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் கயிற்றை ஒரு சிறு வளைவாக மடித்துப் பிடியுங்கள். நல்ல கயிறு உருண்டையாக வளையும். உள்நூல் அடிபட்ட இடத்தில் வளைவு விழாது. காகிதத்தை மடித்ததுபோல் தட்டையாக ஒடிந்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கயிறு முடிந்தது. நுனிக்கு அருகில் என்றால் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம், நடுவில் என்றால் கயிறே போனது.

மேலுறையில் மெல்லிய பஞ்சு எழும்புவது சாதாரணம். வெள்ளை உள்நூல் தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். பளபளவென்று கண்ணாடிபோல இறுகிய இடம் வெப்பத்தில் உருகியது. நுனியில் மேலுறை வழிந்து வெறும் சட்டைக்கைபோலத் தொங்கினால் மேலுறை நகர்ந்திருக்கிறது. கட்டும் பக்கத்து முதல் இரண்டு மூன்று மீட்டர்தான் அதிகம் அடிவாங்கும். ஏறும்போது நுனிகளை மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.

கண்ணுக்கே தெரியாத சேதம் உண்டா?

உண்டு, அமிலம். கயிறும் பல ஹார்னஸ்களும் பாலிஅமைடு, அதாவது நைலான். பேட்டரியில் இருக்கும் சல்ஃப்யூரிக் அமிலமும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் நைலானைத் தின்றுவிடும். சில நேரம் மஞ்சள் பாரிக்கும், சில நேரம் எந்த அடையாளமும் இருக்காது. சாதாரண விழுகையில் கயிறு இரண்டாக அறுந்த அபூர்வ விபத்துகள் சிலவற்றை ஆராய்ந்தபோது சல்ஃப்யூரிக் அமிலத்தின் தடம் கிடைத்திருக்கிறது.

நம் வீடுகளில் கயிற்றுப் பை எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்திலா? ஆசிட் பாட்டில் வைக்கும் பரணிலா? பழைய பேட்டரி ஏற்றிய காரின் டிக்கியிலா? உடனே இடம் மாற்றுங்கள். பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே கயிற்றுக்கு விடைகொடுக்க வேண்டும். இதில் பேரம் இல்லை.

மணற்கல்லில் ஏறினால் ஏன் கருவி சீக்கிரம் தேய்கிறது?

பாதாமி போன்ற இடங்களில் கயிறு மணலைச் சுமக்கிறது. அந்தக் கயிறு அலுமினியக் காரபைனர் வழியாக ஓடும்போது, ஒவ்வொரு முறை ஆளை இறக்கும்போதும், உலோகத்தைத் தேய்க்கிறது. பள்ளம் ஆழமானால் அதன் ஓரம் கூராகும், அந்தக் கூர் கயிற்றை வெட்டும். பாதையில் நிரந்தரமாகத் தொங்கும் குயிக்டிராக்களில் இந்த ஆபத்து அதிகம், அதுவும் முதல் ஒன்றிரண்டில். கயிறு அங்கேதான் கோணலாக வளைகிறது. பள்ளம் 1 மி.மீ. ஆழம் வந்ததும் காரபைனரை ஒதுக்குங்கள். பாதை உச்சியில் பலர் மாறி மாறி டாப் ரோப் ஏறும்போது உங்கள் சொந்தக் காரபைனர்களை ஆங்கரில் மாட்டுங்கள். கடைசி ஆள் மட்டும் அங்கிருக்கும் வளையம் வழியாக இறங்கட்டும். கயிற்றைத் தரையில் போடாமல் விரிப்பில் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

கயிற்றைத் துவைக்கலாமா?

கை கறுக்க ஆரம்பித்ததும் துவைக்கலாம். 30 டிகிரிக்கு மேல் சூடு இல்லாத தண்ணீர், மென்மையான சோப்பு, அகலமான தொட்டி. ப்ளீச் கூடாது, சலவைத் தூள் வேண்டாம். காலால் மிதிக்காமல் கையால் அலசி, தண்ணீர் தெளியும் வரை மாற்றி, நிழலில் தளர்வாகப் பரப்பிக் காயவிடுங்கள். மூன்று நாள்கூட ஆகலாம். ஈரமான கயிறு கணிசமாக வலு இழக்கும், காய்ந்ததும் பெரும்பகுதி திரும்பும்; ஈரத்தோடு லீட் ஏற வேண்டாம்.

காரபைனரின் வாய் ஒட்டினால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, கீலில் மட்டும் உலர் மசகு ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

காரிலோ மரத்திலோ கட்டி இழுத்து வலுவைச் சோதிக்கலாமா?

வேண்டாம். இழுத்தும் அறாத கயிறு விளிம்பில் உரசினாலும் அறாது என்று இதனால் நிரூபணமாகாது. மாறாக, நீங்களே அதைப் பலவீனமாக்கியிருப்பீர்கள். வீட்டில் செய்ய முடிந்த சோதனை கண்ணும் விரலும்தான்.

ஆங்கரில் கட்டிக்கொள்ள டைனீமா ஸ்லிங் நல்லதா, நைலானா?

இரண்டும் 22 கிலோநியூட்டன் தாங்கும். டைனீமா என்ற செயற்கை இழை மெல்லியது, எடை குறைவு. ஆனால் ஏறக்குறைய 145 டிகிரியிலேயே உருகும், நீளவே நீளாது. ஆங்கருக்கு மேலே ஏறி நின்று ஒரு மீட்டர் விழுந்தாலும் அது ஆபத்தான விசை. எந்த ஸ்லிங்காக இருந்தாலும் ஆங்கருக்குக் கீழே, தொய்வில்லாமல் எடையை வைத்திருங்கள். கயிற்றையே கொண்டு கட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

பயன்படுத்திய கருவியை வாங்கலாமா?

ஷூ வாங்கலாம். பள்ளமும் வளைவும் இல்லாத காரபைனரை, தெரிந்தவரிடமிருந்து வாங்கலாம். கயிறு, ஹார்னஸ், ஸ்லிங், ஹெல்மெட் வேண்டாம். அவற்றின் வரலாற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. போலிகளும் உலவுகின்றன. தன் பெயரில் பிறர் செய்த போலிக் காரபைனர்களையும், கயிற்றைப் பற்றி ஏற உதவும் கருவிகளின் போலிகளையும் பற்றி 2011-ல் பெட்சல் என்ற கருவித் தயாரிப்பு நிறுவனமே எச்சரித்தது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், எழுத்துகள் மங்கலாக இருந்தால், குறிப்புத்தாள் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?

தயாரிப்பாளர்கள் தரும் பொதுவான கணக்கு: வாரந்தோறும் ஏறினால் கயிறு ஒரு வருடம், மாதத்தில் சில முறை என்றால் மூன்று, மாதம் ஒருமுறை என்றால் ஐந்து, ஆண்டுக்கு ஓரிரு முறை என்றால் ஏழு, பெட்டியைப் பிரிக்காமலே இருந்தாலும் பத்து. இவை உச்ச வரம்புகள். ஒரே நாளில் கூரான விளிம்பில் விழுந்தாலும் கயிறு போகும். வாங்கிய தேதியையும் பெரிய விழுகைகளையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஓய்வு கொடுத்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

காரபைனர் மேலிருந்து கீழே விழுந்துவிட்டது. இனி பயன்படுத்தலாமா?

விழுந்த அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும் என்று சொல்வார்கள்; விழவைத்துப் பிறகு உடைத்துப் பார்த்த சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் துடைத்துவிட்டு, வாய் முழுவதும் தானாக மூடுகிறதா, பூட்டு கடைசி வரை சுழல்கிறதா, உடலில் நசுங்கலோ வளைவோ இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பயன்படுத்தலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து கருங்கல்லில் மோதியிருந்தால், சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.